தென்மராட்சியில் ஓர் ஆடு மாட்டுச் சந்தை: வெயிலுக்குத் தேறுகிறது, வாடை மழைக்குத் தேறவில்லை

ஆடு மாடு வாங்கவோ விற்கவோ சந்தைக்குப் போகும் நாம் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறோம்; தரகர் எப்படிப்பட்டவர், நிறை பார்க்கத் தராசு உண்டா, வாகனம் நிறுத்த இடம் போதுமா என்பவை அதன் பின்னர் வருகின்றன. பட்டா என்னும் சிறு லொறியிலிருந்து இறக்கப்பட்ட ஒரு பசு, அதை வாங்கியவர் மறுபடி ஏற்றிக்கொண்டு போகும் வரையான மூன்று நான்கு மணி நேரத்தில் எங்கே நின்றது, எதைக் குடித்தது, அதன் முதுகில் வெயில் விழுந்ததா, மழை விழுந்ததா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கோடையில் வெக்கையும் மாரியில் புயல் மழையும் மாறிமாறி வரும் யாழ்ப்பாணத்தில் ஒரு கால்நடைச் சந்தையை அளக்க வேண்டிய முதல் அளவுகோல் அந்தக் காத்திருப்பு நேரமே என்பது என் உறுதியான எண்ணம். இந்த மதிப்புரையும் அந்த அளவுகோலைக் கொண்டே எழுதப்படுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியில், கண்டி-யாழ்ப்பாண ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே, தனியார் ஒருவரின் மாந்தோப்புக் காணியில் வாரத்தில் ஒரு காலை கூடும் சந்தையைப் பற்றியே சொல்லப்போகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். சித்திரை வெயிலிலும் கார்த்திகை மழையிலும் அங்கே நின்று பார்த்த பிறகே எழுதுகிறேன். ஒரு பருவத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் இது பாராட்டாகவோ கண்டனமாகவோ முடிந்திருக்கும், இரண்டும் நியாயமாக இருந்திருக்காது.

அங்கே வரும் சீவன்கள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். வலிகாமத்து வீடுகளில் நிழலில் கட்டி வளர்த்த ஜேர்சிக் கலப்புப் பசுக்கள், ஆனையிறவைக் கடந்து வன்னியிலிருந்து வரும் நாட்டு மாடுகள், நாம்பன்கள் (இளங்காளைகள்), ஜமுனாபாரிக் கலப்புக் கிடாய்கள், நாட்டு ஆடுகள், இடையிடையே யாழ்ப்பாணத்துச் செம்மறிகள் என்று பல வகைகள் ஒரே காணிக்குள் நிற்கின்றன. திமிலும் தொங்கும் கழுத்துத் தோலும் உள்ள நாட்டு மாடு வெப்பத்தைத் தாங்கவல்லது; அதன் உடலுக்குள் உண்டாகும் வெப்பம் குறைவு, வியர்த்து அதை வெளியேற்றும் திறன் கூடுதல். ஜேர்சி இரத்தம் கலந்த கறவைப் பசுவுக்கோ பால் கூடக்கூட உடல் உண்டாக்கும் வெப்பமும் கூடும். அதை வெளியேற்ற வழியில்லாதபோது அது மூச்சிரைத்தே தன்னைக் காத்துக்கொள்ள முயலும். மாரியில் நிலைமை தலைகீழாக மாறும். மேய்ச்சல் குறைந்து எலும்பு தெரிய வரும் வன்னி மாடும், பிறந்து சில நாட்களேயான ஆட்டுக்குட்டியும் குளிர் மழையில் முதலில் விழும். ஆகவே சந்தை நடத்துபவர் இரண்டு பருவங்களுக்கும், இரண்டு வகைச் சீவன்களுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியவராகிறார்.

வெயிலைப் பற்றி முதலில் எழுதுகிறேன், ஏனெனில் அதில் இந்தச் சந்தை நன்றாகச் செய்திருக்கிறது. கால்நடை நூல்கள் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதனையும் சேர்த்து ஓர் எண்ணாகக் கணிக்கின்றன. அந்த எண் 72ஐத் தாண்டினால் கறவைப் பசு சிரமப்படத் தொடங்கும் என்பது நீண்ட காலமாகக் கொள்ளப்பட்டுவரும் எல்லை. 79க்கு மேல் ஆபத்து, 84க்கு மேல் அவசர நிலை என்பது ஏற்றி இறக்கப்படும் மாடுகளுக்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பாகுபாடு. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் 32 பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் சேர்ந்தால் அந்த எண் 85 ஆகிறது. பெரும்பாலும் குளிர்நாட்டு இனங்களைக் கொண்டு வகுத்த எல்லைகள் என்பதால் நாட்டு மாட்டுக்கு அவை அப்படியே பொருந்தா. ஆனால் ஜேர்சிக் கலப்புப் பசுவைச் சித்திரையில் சந்தைக்குக் கொண்டுவரும் ஒருவர் அந்த எண்ணைக் கண்டு கவலைப்படத்தான் வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் அறிவிப்பு மனிதருக்கான கணக்கு என்றாலும், வட மாகாணத்துக்கு எச்சரிக்கை வந்த நாளில் மாட்டை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. அந்தக் கணக்கில் நேர் வெயிலின் சுமை சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்தச் சந்தையின் சிறப்பு அதன் கூரை. பனைமரத் தூண்களை உயரமாக நட்டு, பனஞ்சிலாகை அடித்து, தகரம் போட்டு, அந்தத் தகரத்தின் மேலே கிடுகு (பின்னிய தென்னோலை) வேய்ந்திருக்கிறார்கள். நம் பகுதியில் மாட்டுக் கொட்டில் என்றாலே தாழ்வான தகரக் கூரையைத்தான் போடுகிறோம். பத்து மணிக்குப் பிறகு அந்தத் தகரம் கொதித்து, மேலிருந்து வரும் வெயிலைத் தடுத்தபோதும் தன் சூட்டைக் கீழே நிற்கும் மாட்டின் முதுகில் இறக்கிக்கொண்டே இருக்கும். நிழலில் நிற்கும் மாடும் அதனால்தான் இரைக்கிறது. தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்தால் தகரம் சூடேறுவதே குறைந்துவிடும், மழையும் ஒழுகாது. கூரை உயரமாக இருந்தால் காற்று புகுந்து போகும். கைக்கெட்டாத உயரத்தில், ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு அடிக்குக் குறையாமல் அவர்கள் தூண் நட்டிருப்பதைப் பார்த்தபோது, மாடுகளோடு வாழ்ந்த ஒருவர் முன்னின்று கட்டியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. வருடத்துக்கு ஒரு முறையேனும் கிடுகு மாற்ற வேண்டும், அதற்குச் செலவுண்டு. பச்சை நிற நிழல்வலை கட்டியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும். ஆனால் வலை வெயிலின் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், மழைக்கு உதவாது. கிடுகைத் தேர்ந்தது சரியான முடிவு.

கூரைக்கு வெளியே மாமரங்களும் ஒரு புளியமரமும் உண்டு. மரநிழலுக்கு நிகரான நிழல் வேறில்லை. இலைகள் நீரை ஆவியாக்குவதால் அதன் கீழ்க் காற்று குளிர்ந்தே இருக்கும். ஒரு சிக்கல் உண்டு. சித்திரை நடுப்பகுதியில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்பதால் நண்பகலில் மரத்தின் நிழல் அதன் அடியிலேயே விழும். ஆனால் சந்தை மும்முரமாக நடக்கும் காலை எட்டு, ஒன்பது மணிக்கு நிழல் மேற்கே நீண்டு கிடக்கும். இந்தக் காணியில் மரங்கள் மேற்கு வேலியோரமாகவே நிற்கின்றன. எனவே காலை நிழலில் பெரும்பகுதி வேலிக்கு அப்பால் ஒழுங்கையில் விழுகிறது, உள்ளே கட்டிய ஆடுகள் வெயிலில் நிற்கின்றன. கிழக்கு வேலியில் கிளுவையும் கதியால்களும் மட்டுமே இருக்கின்றன. அங்கே வேம்பு அல்லது பூவரசு நட்டால் நாலைந்து வருடத்தில் பயன் கிடைக்கும். நட்டபின் ஆடு கடிக்காமல் காப்பதுதான் பெரிய வேலை என்பதை ஆடு வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் விடயத்தில் எனக்கு முக்கால் திருப்தி. கறவையிலுள்ள பெரிய கலப்புப் பசு சாதாரண நாளிலேயே 40 லீற்றருக்கு மேல் குடிக்கக்கூடியது. வெக்கை நாளில் அது இரட்டிப்பாகலாம். விடியற்காலையில் ஏற்றுவதற்கு முன் தண்ணீர் காட்டாமல் கொண்டுவருவதே நம்மவர்களின் வழக்கமாக இருப்பதால், பட்டாவிலிருந்து இறங்கும்போதே அது தாகத்தோடுதான் இறங்குகிறது. இங்கே மாடுகளுக்கான சீமெந்துத் தொட்டி கூரையின் கீழே இருக்கிறது. இதைச் சிறிய விடயமென்று நினைக்க வேண்டாம்: வெயிலில் கிடக்கும் தொட்டியிலும், மொட்டையாக நிற்கும் கறுப்புத் தாங்கியிலும், மண்ணின் மேலே ஓடும் பைப்பிலும் தண்ணீர் பத்து மணிக்குள் வெந்நீராகிவிடும், தாகமுள்ள மாடும் அதை முகர்ந்துவிட்டு நின்றுவிடும். கிணற்றிலிருந்து நேரே இறைத்து நிழலில் நிரப்புவதால் இங்கே தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆடுகளுக்குத்தான் குறை. தொட்டியின் விளிம்பு ஆட்டுக்கு எட்டாது. அவற்றுக்காக வைத்திருக்கும் பேசின்களில் சற்று நேரத்துக்குள் புழுக்கையும் மண்ணும் விழுந்துவிடுகின்றன. அழுக்குத் தண்ணீரை ஆடு தொடாது என்பது எல்லோரும் அறிந்ததே. முழங்கால் உயரத்தில் நீளமான தாழ்ந்த தொட்டி ஒன்று, குறுக்கே ஒரு கட்டையோடு, ஆட்டுப் பக்கத்துக்கு வேண்டும். மேலும், தென்மராட்சியில் கடல்நீரேரியை அண்டிய கிணறுகள் கோடை முதிர முதிர உவர்க்கத் தொடங்குகின்றன. இந்தக் கிணற்றுத் தண்ணீரை ஆவணியில் வாயில் வைத்துப் பார்த்தேன், இலேசான உவர்ப்பு இருந்தது. மாடு ஓரளவு உவரைத் தாங்கும். ஆனால் நல்ல தண்ணீரில் வளர்ந்த வலிகாமத்துப் பசு புது இடத்து உவரைக் குடிக்கத் தயங்கும். தூரத்திலிருந்து கறவைப் பசுவைக் கொண்டுவருபவர்கள் வீட்டுத் தண்ணீரைக் கலனில் கொண்டுவருவது நல்லது.

நேரக் கட்டுப்பாடே இந்தச் சந்தையில் நான் மிகவும் மதிக்கும் ஒழுங்கு. விடிந்ததும் படலையைத் திறக்கிறார்கள், பத்தரைக்குப் பிறகு கோடையில் எந்த வாகனத்தையும் மாடு இறக்க அனுமதிப்பதில்லை. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து தாமதமாக வந்த ஒருவர் வாசலில் நின்று மன்றாடியபோது பொறுப்பாளர் மிகவும் பணிவாக, "அண்ணை, கோவிக்காதையுங்கோ. இப்ப இறக்கினால் திருப்பி ஏத்தேக்க உச்சி வெயில். சீவனுகள் தாங்காது" என்று சொல்லி, ஒழுங்கையிலேயே மரநிழலில் வாகனத்தை நிறுத்தச் செய்து, வாளிகளில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பித்தார். வந்தவருக்கு அன்று வியாபாரம் இல்லை. ஆனால் அந்த மாடுகளுக்கு அது நன்மை. மாட்டின் வயிற்றில் தீனி செரிக்கும்போது உண்டாகும் வெப்பம் தின்ற சில மணி நேரத்துக்குப் பின்னரே உச்சத்தை அடைகிறது. அதிகாலையில் புண்ணாக்கும் தவிடும் வயிறு முட்டக் கொடுத்துக் கொழுகொழுவென்று காட்டக் கொண்டுவரும் மாட்டுக்கு உள் வெப்பமும் வெளி வெயிலும் ஒன்றாகச் சேரும் நேரம் பத்து, பதினொன்று மணிதான். அடர்தீனியை முதல் நாள் மாலையில் கொடுத்துவிட்டு, காலையில் தண்ணீரும் கொஞ்சம் வைக்கோலும் மட்டும் கொடுப்பது விற்பவர்கள் பழக வேண்டிய ஒன்று.

அங்கு வெக்கை தாக்கிய ஒரு பசுவை அவர்கள் கையாண்ட முறையையும் குறிப்பிட வேண்டும். ஜேர்சிக் கலப்புப் பசு ஒன்று, நிறைமாதம் போலிருந்தது, கழுத்தை நீட்டி, வாய் திறந்து, நாக்கு வெளியே தொங்க வீணீர் வடித்துக்கொண்டு இரைத்தது. மூச்சு வேகமாவது முதல் அறிகுறி. வாய் திறந்து நாக்கு வெளியே வந்துவிட்டால் அது ஆபத்துக் கட்டம். சுற்றி நின்றவர்களில் ஒருவர் ஈரச் சாக்கை முதுகில் போடச் சொன்னார். சந்தைப் பொடியன் ஒருவன் அதை மறுத்து, கயிற்றைத் தளர்த்திக் காற்றோட்டமான ஓரத்துக்கு மெதுவாக நடத்திக்கொண்டுபோய், பைப்பைப் பிடித்துக் காலிலிருந்து தொடங்கி வயிறு, விலா, கழுத்து என்று தண்ணீரை ஓடவிட்டான். மற்றவன் தகரத் துண்டொன்றால் விசிறினான். அவர்கள் செய்ததே சரி. முதுகில் கிடக்கும் ஈரச் சாக்கு சற்று நேரத்தில் சூடேறி, உடலின் வெப்பம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். தண்ணீர் தோல் வரைக்கும் இறங்கி, மேலே காற்றும் வீச வேண்டும். அப்போதுதான் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோகும். பனிபோல நுண்ணிய துளி தெளிக்கும் கருவிகள் இப்போது கடைகளில் விற்கின்றன. நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதியாக இருப்பதால், காற்றோட்டமில்லாத கொட்டிலுக்குள் அவை புழுக்கத்தைக் கூட்டவும் கூடும். பைப்புத் தண்ணீரும் சோளகக் (தென்மேற்குக்) காற்றும் போதும். அந்தப் பசு மெல்ல மெல்ல வாயை மூடி, தண்ணீர் குடித்தது. அன்று அதை விற்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் பொறுப்பாளர் சொல்லி, மாலை வரை அங்கேயே கட்டிவைக்க இடமும் கொடுத்தார்.

வாகனம் நிறுத்துமிடத்தில்தான் கோடை ஏற்பாடு குலைகிறது. படலைக்கு வெளியே பட்டாக்களும் கன்டர் லொறிகளும் வரிசையாக வெயிலில் நிற்கின்றன. வாங்கிய ஆடுகளை ஏற்றிவிட்டுச் சாரதி தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்க, பின்னால் கறுப்புப் படங்கால் (தார்ப்பாயால்) மூடிய பெட்டிக்குள் ஆடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். ஓடும் வாகனத்தில் காற்றாவது இருக்கும்; நிற்கும் வாகனத்தில் அந்தச் சீவன்களின் மூச்சும் உடல் வெப்பமும் வெளியேற வழியின்றி உள்ளேயே சேரும். இது தம் காணிக்கு வெளியே நடப்பதால் தமக்குப் பொறுப்பில்லை என்று சந்தைக்காரர் நினைக்கிறார்கள் போலும். நான் உடன்படவில்லை. புறப்படும் நேரத்தில்தான் ஏற்ற வேண்டும் என்று ஒரு விதி போட்டு, படலையில் நிற்பவர் அதைப் பார்த்துக்கொண்டால் ஒரு ரூபா செலவில்லாமல் இந்தக் கொடுமை நிற்கும். ஏற்றும் மேடை நல்ல சரிவோடும் குறுக்குக் கட்டைகளோடும் இருக்கிறது, அதில் குறையில்லை.

இனி மாரியைப் பற்றி எழுத வேண்டும். இங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம்.

2022 மார்கழியில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்ததை நாம் மறக்கவில்லை. புயல் இங்கே கரையேறவில்லை. அது கரையைக் கடந்தது தமிழ்நாட்டில், மாமல்லபுரத்தை அண்டி. வெள்ளத்தில் அள்ளுண்டு இறந்தவையுமல்ல. வெட்டவெளியில், மழையில் நனைந்து, வாடைக் காற்றில் நின்று, குளிர் தாங்காமல் விழுந்தவை அவை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பட்டிக்காரர்கள் விடியற்காலையில் வரிசையாகக் கிடந்த மாடுகளைக் கண்டார்கள். தொற்றுநோயோ என்ற அச்சத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து இறைச்சி கொண்டுசெல்வதற்குச் சிறிது காலம் தடையும் விதிக்கப்பட்டது. ஐரோப்பாவில் பனியில் நிற்கும் மாடு சாகாதபோது நம் மாடு இந்தக் குளிரில் எப்படிச் சாகும் என்று அப்போது பலர் கேட்டார்கள். மயிர்களுக்கிடையே தங்கி நிற்கும் காற்றுத்தான் மாட்டுக்குப் போர்வை. நனைந்தவுடன் அந்தப் போர்வை இல்லாமற் போகிறது. நம் மாட்டுக்கு மயிரும் குட்டை, தோலின் கீழ்க் கொழுப்பும் குறைவு. நனைந்த உடலின் மேல் காற்று இடைவிடாது வீசினால், வெப்பமானி காட்டும் எண் பெரிதாக இறங்காதபோதும் உடல் வெப்பம் வேகமாகப் போய்விடும். மேய்ச்சல் வெள்ளத்தில் மூழ்கி வயிறு காலியாக இருந்தால் உள்ளே வெப்பம் உண்டாக வழியுமில்லை. அதனால்தான் மெலிந்தவையும் கன்றுகளும் முதலில் விழுந்தன.

யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான வடகீழ்ப் பருவத்தில் பெய்கிறது என்பதும், 2008இல் நிசா, 2020இல் புரெவி என்று புயல்கள் கார்த்திகை, மார்கழியிலேயே வந்தன என்பதும் இந்தச் சந்தையை நடத்துபவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கோடைக்காக எவ்வளவு யோசித்தார்களோ அதில் காற்பங்கு கூட மாரிக்காக யோசிக்கவில்லை. வெயிலில் வரமாக இருந்த உயர்ந்த கூரையும் திறந்த பக்கங்களும் வாடை மழையில் சாபமாகின்றன: மழை நேரே விழாமல் வடக்கிலிருந்து சாய்ந்து அடிக்கிறது, கூரையின் நடுப்பகுதி வரைக்கும் நனைகிறது. கார்த்திகையில் நான் போன அன்று வடக்கு வரிசையில் கட்டியிருந்த மாடுகள் எல்லாம் வாலைக் காற்றுப் பக்கம் திருப்பி, முதுகு வளைந்து, நடுங்கிக்கொண்டு நின்றன. நிலம் மேடாக்கப்படவில்லை, கூரையிலிருந்து வடியும் தண்ணீர் உள்ளேயே வந்து தேங்கி, சாணத்தோடு சேர்ந்து கணுக்கால் வரை சேறாகியிருந்தது. ஈரத்தில் படுக்க மாடு விரும்பாது. படுக்காத மாடு களைத்துப்போகும், படுத்த கன்றின் வயிறு நிலத்தின் குளிரை உறிஞ்சும். ஆட்டுப் பக்கத்தில் நிலைமை இதைவிட மோசம், ஏனெனில் அது கூரையின் விளிம்பில் இருக்கிறது. வெள்ளாட்டுக்கு மழை என்றாலே பகை.

அன்று தாயோடு கொண்டுவரப்பட்ட ஒரு குட்டி நனைந்து விறைத்துப்போய்க் கிடந்தது. அதைத் தூக்கிவைத்த ஒருவர் போத்தலால் பாலூட்டப் பார்த்தார். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் பாலை ஊற்றினால் அது விழுங்காது, நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் காய்ந்த சாக்கால் மயிர் காயும் வரை தேய்க்க வேண்டும், காற்றுப்படாத இடத்தில் உடம்போடு அணைத்தோ இளஞ்சூட்டு நீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி அருகில் வைத்தோ சூடேற்ற வேண்டும். தலை தூக்கி வாய் சப்பத் தொடங்கிய பிறகே பால். கோடையில் பசுவுக்கு அவ்வளவு அறிவோடு முதலுதவி செய்த அதே பொடியன்களுக்கு மாரியில் குட்டிக்குச் செய்ய வேண்டியது தெரிந்திருக்கவில்லை. காய்ந்த சாக்கு ஒன்றுகூட அங்கே எடுத்துக் கொடுக்க இருக்கவில்லை.

இத்தனைக்கும் வேண்டியவை பெரிய செலவுக்குரியவை அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் தூண்களுக்கிடையே சுருட்டி இறக்கக்கூடிய படங்குகள், இடுப்புயரத்துக்கு ஒரு பனை ஓலை வேலி, கொட்டிலைச் சுற்றி ஒரு வாய்க்கால், நிலத்தை அரை அடி உயர்த்தி மேலே வைக்கோல், ஒரு மூலையில் காய்ந்த சாக்குகளும் தீனிக்கு வைக்கோற் கட்டுகளும். வைக்கோலைக் குறிப்பாகச் சொல்கிறேன்: கோடையில் நாம் தவிர்க்க விரும்பும் அந்தச் செரிமான வெப்பமே மாரியில் மாட்டைக் காக்கிறது, நார்த்தீனி அதை அதிகமாகவும் நெடுநேரமும் தருகிறது. படங்குகளை முழுதாக அடைத்துவிடவும் கூடாது. கூரைக்குக் கீழே இடைவெளி விட்டால்தான் மூத்திர வாடையும் ஈரக் காற்றும் வெளியேறும். இவற்றுக்கெல்லாம் மேலாக, சந்தையை நிறுத்தும் துணிவு வேண்டும். கோடையில் பத்தரைக்குப் படலையைச் சாத்தும் பொறுப்பாளர், தாழமுக்க எச்சரிக்கை வந்த நாளில் சந்தையைக் கூட்டாமல் விடுவதில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அறிவிக்க வழியில்லை என்றார். வைபர் குழுவில் விலை விபரம் அனுப்ப வழியிருக்கும்போது இதற்கும் வழியுண்டு என்று அவரிடமே சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

இடி மின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரையிலும் புரட்டாதி, ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை வரும்போது மாட்டைத் தனிமரத்தின் கீழோ பனை, தென்னையின் அடியிலோ கட்டிவைக்கக் கூடாது. காலைச் சந்தை என்பதால் இங்கே ஆபத்து குறைவு. விற்காத மாடுகளை மாலை வரை புளியமரத்தில் கட்டிவைப்பவர்கள் கவனிக்க வேண்டும். கம்பி வேலியில் கட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

ஆவணங்கள் பார்ப்பதில் ஒழுங்காக இருக்கிறார்கள். மாடு கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரமும் கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்றும் இல்லாமல் மாவட்டம் தாண்டிப் போகும் மாட்டை ஏற்ற விடுவதில்லை. தோல் கழலை நோய் இலங்கையில் 2020இல் முதன்முதலாகப் பதிவானது நம் வட மாகாணத்தில்தான். அதைப் பரப்பும் கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் மழைக்குப் பிந்திய ஈரச் சாணத்திலும் தேங்கிய தண்ணீரிலும் பெருகுகின்றன. எனவே அந்த வாய்க்கால் குளிருக்கு மட்டுமன்றி இதற்கும் தேவை.

என் மதிப்பீட்டைக் கேட்டால், மாசி தொடக்கம் புரட்டாதி வரை இந்தச் சந்தைக்குப் போகலாம் என்று தயங்காமல் சொல்வேன். விடியற்காலையிலேயே போய், ஒன்பதரைக்குள் முடித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். வாங்கும் பசுவை நிழலில் நிற்கும்போது பாருங்கள், நிழலிலும் விலா வேகமாக அடித்தால் அதை அன்று ஏற்றாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே தீனியை அள்ளிக் கொட்டாமல், தண்ணீரைக் காட்டி ஆறவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால், வடக்குப் பக்கத்தில் படங்கு கட்டும் வரைக்கும், கன்றுத்தாய்ச்சிப் பசுவையும் குட்டியாட்டையும் அங்கே கொண்டுபோவதை நான் ஏற்கமாட்டேன். விற்றே ஆகவேண்டிய நிலையில் உள்ளவர்கள் தரகரை வீட்டுக்கு அழைத்து விலை பேசுவது மேல். விலை சற்றுக் குறைந்தாலும் சீவன் பிழைக்கும். அதற்கும் வழியில்லாதவர்கள் வைக்கோலும் காய்ந்த சாக்கும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். தராசு வைத்திருக்கும், கல்லால் கட்டிய அறையின் தெற்குச் சுவரோரம் வாடைக் காற்றுப் படாது, நிலமும் சற்று மேடு. பத்துப் பன்னிரண்டு ஆடுகள் கட்டலாம், ஆறரைக்கு முன் போனால் அந்த இடம் கிடைக்கும்.